பம்பு செட் ஆபீசுக்கு நான்காவது டைப்பிஸ்ட்

1. நாற்காலி மறுபடியும் காலி

"யோவ் சாமுவேலு, நீ அனுப்புன மூணாவது ஆளும் ஓடிப்பூட்டான்யா! நாளைக்கி காலீல எனக்கு வேற டைப்பிஸ்ட் வேணும். இல்லாங்காட்டி உன் பில்லைக் கிழிச்சி ஸ்டவ்வுல போட்டுடுவேன்!"

குரோம்பேட்டையிலிருந்து பம்பு செட் கம்பெனி முதலாளி ஏகாம்பரம் போனில் இப்படிக் கத்தியபோது, நான் தாம்பரம் மேற்கில் ஒரு சைக்கிள் கடைக்குள் நின்றுகொண்டிருந்தேன். போன் கடைக்காரருடையது. என் ஆபீஸ் அந்தக் கடைக்கு மேலே மாடியில். முதலாளியின் குரல் ரிசீவரைத் தாண்டித் தெரு வரைக்கும் கேட்டதால், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவருக்கும் பஞ்சருக்காகக் காத்திருந்த நான்கு பேருக்கும் என் தொழில் எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது ஒரே நிமிடத்தில் விளங்கிவிட்டது.

அறுபதுகளின் கடைசி அது. நான் எம்ப்ளாய்மென்ட் பீரோ நடத்திவந்தேன். வேலை தேடுகிறவரையும் ஆள் தேடுகிறவரையும் சேர்த்துவைத்து, நடுவில் நின்று பீஸ் வாங்குவது. கிட்டத்தட்ட கல்யாணத் தரகர் வேலைதான். ஒரே வித்தியாசம், தரகருக்குக் கல்யாணச் சாப்பாடு உண்டு. எனக்கு அதுவும் கிடையாது.

போர்டில் 'பீரோ' என்று பெரிதாக எழுதியிருந்ததால், ஆரம்பத்தில் படியேறி வந்தவர்களில் பாதிப் பேர் ஆறடி ஸ்டீல் பீரோ என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த வியாபாரத்துக்கே மாறிவிடலாமா என்று நான் யோசித்ததும் உண்டு.

இந்தத் தொழிலுக்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை நான் இன்டர்வியூவில் தோற்காத கம்பெனி கிடையாது. எங்கே என்ன கேட்பார்கள், எந்த மேனேஜர் எந்தப் பதிலுக்கு முகம் சுளிப்பார் என்பதெல்லாம் தோற்றுத் தோற்று மனப்பாடம். இவ்வளவு அறிவை வீணாக்க வேண்டாமே என்று கடை திறந்துவிட்டேன்.

2. ரயிலில் பீஸ் வாங்கும் முறை

வேலை கிடைத்தவர் முதல் மாதச் சம்பளத்தில் பாதியை எனக்குத் தர வேண்டும், இரண்டு தவணையில். அன்றைய வழக்கம் அதுதான். வேலை கிடைக்கும்வரை என்னை "தெய்வமே" என்பார்கள். சம்பளம் வாங்கிய அன்று தெய்வத்தைக் கண்டால் பிளாட்பாரத்தின் மறு கோடிக்கு ஓடுவார்கள்.

நான் ஒருவரிடமும் பணம் கேட்டதில்லை. சம்பள நாளுக்கு மறுநாள் காலையில் பீச் ஸ்டேஷன் போகும் எலக்ட்ரிக் ரயிலில் அவர் ஏறுகிற பெட்டியிலேயே ஏறுவேன். கூட்டத்தின் நடுவில் நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, கொஞ்சம் உரக்க விசாரிப்பேன். "என்னப்பா, புது வேலை எப்படிப் போகுது? சம்பளம் குடுத்துட்டாங்களா? முழுசா குடுத்தாங்களா? அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷமா?" பெட்டியே திரும்பி அவரைப் பார்க்கும். "யார் சார் வேலை வாங்கிக் குடுத்தது?" என்று யாராவது ஒரு புண்ணியவான் கேட்பார். பல்லாவரம் வருவதற்குள் பணம் என் சட்டைப் பையில் இருக்கும்.

என்னிடமிருந்து தப்பிக்க ஒரு ஆள் மாதம் முழுக்க முதல் வகுப்பு சீசன் டிக்கெட் எடுத்துப் போனான். அவன் எனக்குத் தர வேண்டியதைவிட அது அதிகம். அவனுக்கு நான் வாங்கித் தந்தது கேஷியர் வேலை.

கம்பெனிகள் பீஸ் தருகிற வழக்கம் எங்கள் பக்கம் அவ்வளவாக இல்லை. "ஆளுங்க தெருவுல கெடைக்கிறாங்க, உனக்கு எதுக்குய்யா காசு?" என்பார்கள். முதன்முதலில் சம்மதித்தவர் ஏகாம்பரம்தான். பணம் கொடுத்தால் என்னைத் திட்டும் உரிமையும் சேர்ந்து வரும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அது சரியாகவே இருந்தது.

சந்தோஷத்தில் அக்ரிமென்டை நானே டைப் செய்தேன். டைப்பிஸ்டின் ஒரு மாதச் சம்பளம் நூற்றெண்பது ரூபாய் எனக்குப் பீஸ். ஆள் மூன்று மாதம் நிலைத்தபின் தர வேண்டும். நடுவில் போய்விட்டால் வேறு ஆளை இலவசமாக அனுப்புவேன். எத்தனை தடவை அனுப்புவேன் என்று நான் எழுதவில்லை. எழுதாததை ஏகாம்பரம் கவனித்திருந்தார்.

3. வயலட்டின் கெடு

என் மனைவி வயலட் கிழக்குத் தாம்பரத்தில் டீச்சர். வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. பீரோ ஓடியதா என்பது தத்துவ விசாரணைக்கு உரிய கேள்வி.

அவளுடைய அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகன் ஊருக்கெல்லாம் வேலை தேடிக் கொடுத்துக்கொண்டு தான் மட்டும் வேலையில்லாமல் இருக்கிறானே என்று அவருக்கு மனக்குறை. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். பி.எஃப்., போனஸ் எல்லாம் உண்டு. ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

ஏகாம்பரத்தின் போன் வந்த அன்று சாயங்காலம் வயலட் காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தாலே விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"ரூம் வாடகை மூணு மாசம் பாக்கி. சைக்கிள் கடைக்காரர் இன்னிக்கு ஸ்கூல் வாசல்ல வந்து என்னைக் கேட்டாரு. எனக்கு மானம் போச்சு."

"குரோம்பேட்டை பில் வந்துட்டா கட்டிடலாம், வயலட்."

"அந்த பில் மழைக்காலத்துலேர்ந்து வந்துகிட்டே இருக்கு. சரி, மாசக் கடைசி வரைக்கும் பாக்கிறேன். அந்தப் பணம் வந்து வாடகையைக் கட்டிட்டா பீரோவை நீங்க தாராளமா நடத்துங்க. நான் வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா ஒண்ணாந்தேதி அம்பத்தூர். அப்பாகிட்ட நானே சொல்லிடறேன்."

நியாயமான பேச்சு. எனக்கு நியாயமான பேச்சைக் கேட்டாலே பயம். ஆணியையும் போல்ட்டையும் எண்ணிக்கொண்டு நான் அம்பத்தூரில் உட்கார்ந்திருக்கும் காட்சி கண்முன் வந்தது. அந்தக் கம்பெனியை நினைத்தால் அதைவிடப் பரிதாபமாக இருந்தது.

மறுநாள் என்னிடம் பதிவு செய்திருந்த டைப்பிஸ்ட்களை ஒவ்வொருவராகப் பிடித்தேன். எல்லாரும் ஒரே ரயிலில் போகிறவர்கள். விஷயம் பரவிவிட்டிருந்தது. "சார், காஞ்சிபுரத்துக்கு அனுப்புங்க, நடந்தே போறேன். அந்தப் பம்பு செட் மட்டும் வேணாம்" என்றான் ஒருவன்.

ஓடிப்போன மூன்று பேரையும் காரணம் கேட்டேன். ஒருவன் இரும்பு கடையும் லேத் சத்தம் தாங்கவில்லை என்றான். இன்னொருத்தி, முதலாளி எந்நேரமும் கத்துகிறார் என்றாள். மூன்றாமவன் சொன்னதுதான் எனக்கு விளங்கவில்லை. "சார், அவர் என்ன டைப் பண்ணச் சொல்றார்னே தெரியல சார்." ஏகாம்பரம் பேசுவதோ தமிழ். பையனோ அதே தமிழ் பேசும் வண்ணாரப்பேட்டையில் பிறந்தவன்.

வயலட்டிடம் சொன்னேன். பரீட்சை பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "யாரும் போகலைன்னா நீங்களே போய் உக்காருங்களேன். உங்களுக்குத்தான் டைப் தெரியுமே, ஒரு மாதிரி."

அந்த 'ஒரு மாதிரி'தான் வலித்தது. ஆனால் அதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

4. நாற்காலியில் நான்

"இன்னாய்யா, நீயே வந்துகீற? ஆளுங்க ஸ்டாக் தீந்துபூட்சா?"

"இல்ல மொதலாளி. இந்தத் தடவை உங்களுக்கு ஸ்பெஷல் ஆளு."

ஏகாம்பரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். லேத்தில் கையாளாக ஆரம்பித்து, சொந்த ஷெட் போட்டு, முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு வந்தவர். பம்பைக் கையால் தொட்டே பேரிங் சரியில்லை என்று சொல்லிவிடுவார். என்னைப் பார்த்ததும் அப்படித்தான் ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார்.

டைப்ரைட்டர் இருந்த மேஜை டெஸ்டிங் தொட்டிக்குப் பக்கத்தில். ஒரு பம்பு ஓடும்போது மேஜை நடுங்கும். இரண்டு ஓடினால் நானும் நடுங்குவேன்.

அவர் உட்கார்ந்து கடிதம் சொல்லுகிற ஆள் இல்லை. ஷெட்டுக்குள் நடந்துகொண்டே சொல்வார். பின்னாலேயே நோட்டுடன் ஓட வேண்டும். தரையெல்லாம் சுருள் சுருளாக இரும்புச் சீவல். முதல் நாளிலேயே என் செருப்பு இரண்டாகப் பிளந்தது.

"வேலூர்காரனுக்கு எழுது. டேய் சோமாரி, ஆறு பம்பு எட்துகினு போயி எத்தினி மாசம் ஆவுது? துட்டு எங்கடா? உன் தங்கச்சி கல்யாணத்துக்கு இட்டுகினு போயி பிரியாணி போட்டியே, கணக்கு அத்தோட தீந்துபூட்சா? எளுதிகினியா?"

"எழுதிட்டேன் மொதலாளி."

மேஜைக்கு வந்து, இருந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, தங்கச்சி, பிரியாணி எதையும் விடாமல் டைப் அடித்துக்கொண்டு போய்த் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"யோவ்! இத்த அனுப்புனா அவன் ஜென்மத்துக்கும் துட்டு தரமாட்டான்யா! கஸ்டமருய்யா அவன்! மருவாதியா எளுதத் தெரியாது?"

மரியாதையாக எழுதினேன். தங்களுக்கு வசதிப்படும்போது பணத்தை அனுப்பிவைக்கும்படி பணிவுடன் வேண்டுகிறோம் என்று.

"வசதிப்படும்போதா? அவன் பேரன் காலத்துலதான்யா அவனுக்கு வசதிப்படும்! பேஜாருய்யா உன்னோட!"

அன்று அந்த ஒரு கடிதத்தை ஏழெட்டு தடவை அடித்திருப்பேன். கடைசித் தடவை அவர் பெருமூச்சு விட்டு, "இது தேவலாம்" என்றார். திருப்பிப் பார்த்தால் கார்பன் பேப்பரைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். ஆபீஸ் காப்பி முழுக்க ஒரிஜினலின் முதுகில், கண்ணாடி எழுத்தில் விழுந்திருந்தது. ஏகாம்பரம் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "உன்ன வுட அந்த மூணு பேரும் தங்கம்யா" என்றார்.

அங்கே மூன்று நாள் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள்தான் மரமண்டையில் உறைத்தது. நான் அனுப்பிய மூவரும் டைப்பிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு. முதலாளி ஒரு வாக்கியம் சொல்வார், அடிக்கலாம் என்று விரலை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். அவரோ அடிக்கத்தக்க வாக்கியம் ஒன்றை வாழ்நாளில் சொன்னவர் இல்லை. கோபத்தைத்தான் சொல்வார். அதைக் கடிதமாக்குவது எதிரில் இருப்பவன் பாடு. அந்த வேலைக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே பெயர் டைப்பிஸ்ட். அவர் டைப்பிஸ்ட் கேட்டார், நான் வேகமான டைப்பிஸ்டாகப் பார்த்துப் பார்த்து அனுப்பினேன். தலைவலிக்கு நல்ல செருப்பாக வாங்கிக் கொடுத்த கதை.

5. கரீம் பாய்

சாயங்காலம் குரோம்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது, கோபத்தைக் கடிதமாக்கத் தெரிந்தவர் யார் என்று யோசித்தேன். எதிர்ப்பக்கம் பல்லாவரம் வழியாகப் பீச் போகும் வண்டி வந்தது. அதில் தாவி ஏறிவிட்டேன்.

கரீம் பாய் பல்லாவரத்தில்தான் இருந்தார். தோல் ஏற்றுமதி செய்த ஒரு வியாபாரியிடம் வாலிப வயதிலிருந்து கிளார்க்காக இருந்தவர். வியாபாரி கடையை மூடிவிட்டதும் என்னிடம் பதிவு செய்தார். ஐம்பது தாண்டிய வயது, இரண்டு விரல் டைப்பிங். கேட்கிற கம்பெனி எல்லாம் இருபத்தைந்துக்குள் கேட்டதால் ஒரு வருஷமாக அவரை எங்கேயும் அனுப்பவில்லை. மாதத்துக்கு ஒருமுறை கறுப்பு ஷெர்வானியும் அத்தர் மணமுமாக வந்து, என் கணக்கில் டீ குடித்து, என் ஃபேனைக் குறை சொல்லிவிட்டுப் போவார்.

"வா தம்பி. வேலை கெடைச்சாச்சா? உனக்கு" என்று வரவேற்றார்.

"பாய், உங்க பழைய மொதலாளி கோவக்காரரா?"

"கோவக்காரரா? அவரு வாயைத் தொறந்தா, தோல் ஊறப்போட்ட தொட்டி வாசனையே தேவலைன்னு இருக்கும். லண்டன்ல சரக்கு வாங்குறவனை அவரு திட்டாத திட்டு கெடையாது."

"அப்ப லெட்டர்ல என்ன எழுதுவீங்க?"

"அதே திட்டுதான். அளவு கொறைக்க மாட்டேன் தம்பி, கொறைச்சா மொதலாளிக்குத் துரோகம். கோட்டு சூட்டு மாட்டி அனுப்புவேன். வாங்குறவன் மொதல்ல சிரிப்பான், அப்புறம் பணத்தை அனுப்பிடுவான்."

எனக்கு அவர் கையைப் பிடித்து முத்தமிடத் தோன்றியது. அத்தர் ஒட்டிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

6. "யார் மேல கோவம்?"

"இன்னாய்யா சாமுவேலு, ஆளு கேட்டா மாப்ள வூட்டுப் பெரியவரை இட்டாந்துகீற?" என்றார் ஏகாம்பரம்.

பாய் கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டினார். உட்கார்ந்தார். மேஜை நடுங்கியது, அவர் நடுங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்க மொதலாளி. யார் மேல கோவம்?"

அந்தக் கேள்வியை அதுவரை அந்த மனிதரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஏகாம்பரம் திகைத்தார். பிறகு ஒரு பம்புப் பெட்டியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் அவர் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். வேலூர்க் கதை முழுவதும் வெளியே வந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டு, நல்ல சங்கீதம் கேட்பவர் போலத் தலையாட்டினார். பிறகு இரண்டு விரலால் கொத்திக் கொத்தி அடித்து முடித்து, தமிழில் சொல்லிக் காட்டினார்.

"தங்களைப் போன்ற நாணயமான வியாபாரியிடமிருந்து இத்தனை மாதமாகப் பணம் வரவில்லை என்றால், தவறு தபால்காரருடையதாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே அவரை நம்பாமல், வரும் செவ்வாய்க்கிழமை எங்கள் மெக்கானிக்கையே தங்கள் கடைக்கு அனுப்புகிறோம். பணத்தை அவரிடம் தரலாம். அது தங்களுக்குச் சிரமமாக இருந்தால், ஆறு பம்புகளையும் திருப்பி எடுத்துவரும் சிரமத்தை அவரே ஏற்றுக்கொள்வார். ஸ்பானர் கொண்டு வருவார்."

ஏகாம்பரத்தின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு பெட்டி குலுங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பாய், இது நான் சொன்னதா?"

"ஒரு வார்த்தை விடல மொதலாளி. சோமாரி மட்டும் உள்ள போயி ஒக்காந்திருக்கு."

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் ஸ்பானருடன் வேலூருக்குப் போனான். பணத்துடனும் அரைக் கிலோ இனிப்புடனும் திரும்பிவந்தான்.

ஓடினேன் குரோம்பேட்டைக்கு. "மொதலாளி, என் பீஸ்?"

"ஆளு சூப்பருய்யா. மூணு மாசம் ஆவட்டும், தரேன்."

"இந்த மாசக் கடைசிக்குள்ள கெடைச்சா..."

"அக்ரிமென்ட் யாரு எளுதனது? நானா எளுதனேன்?"

நான்தான் எழுதினேன். அந்த ஏரியாவில் என்னை ஏமாற்ற வேறு ஆளே தேவைப்பட்டதில்லை.

7. பாய் எழுதிய இரண்டாவது முக்கியமான கடிதம்

மாதம் முடிய இரண்டு நாள்தான் மிச்சம். வயலட் அம்பத்தூருக்குக் கொண்டுபோக என்று ஒரு புது டிபன் கேரியரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு நேரே பல்லாவரம் போனேன்.

"பாய், ஒரு லெட்டர் எழுதணும்."

"யார் மேல கோவம்?"

"உங்க மொதலாளி மேல."

பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "தம்பி, ஒரு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஒரு நாற்காலியில ஒக்காந்திருக்கேன். அதையும் இழுக்குறியே?"

"லெட்டரை அவரே ரசிப்பாரு பாய். அவரு குணம் உங்களுக்குத் தெரியாதா?"

"நான் உனக்குத் தர வேண்டிய பீஸ் பாதிச் சம்பளம்னு சொன்னியே?"

"வேணாம்."

"முழுசாவா?"

"முழுசா. டீக்கணக்கும் சேத்து."

சற்று நேரம் தாடியைத் தடவினார். "சரி, சொல்லு கோவத்தை" என்று கண்ணை மூடிக்கொண்டார். மூன்று டைப்பிஸ்ட், செருப்பு, அம்பத்தூர், டிபன் கேரியர் எல்லாவற்றையும் கொட்டினேன். நடுவில் பக்கத்து வார்ப்படக் கம்பெனி முதலாளி முந்தின நாள் என்னைத் தேடிவந்த விஷயத்தையும் சொன்னேன். முடித்ததும் பாய் கண்ணைத் திறந்தார். "இதுல பாதி கோவம் உன் மேலயே இருக்கே தம்பி. அதையும் எழுதிடலாமா?"

"எழுதுங்க பாய்."

மாதக் கடைசி நாள் காலையில் குரோம்பேட்டைக்குப் போய்க் கதவோரமாக நின்றேன், ஓட வசதியாக. ஏகாம்பரத்துக்கு இங்கிலீஷ் அதிகம் வராது. வருகிற தபாலை பாய்தான் பிரித்துத் தமிழில் சொல்வார். அன்றைக்கும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் மேல் கடிதத்தை எடுத்தார்.

"ஐயா, தங்கள் நாற்காலியில் இதுவரை ஐந்து டைப்பிஸ்ட்களை உட்கார வைத்திருக்கிறேன். நான்காவது ஆள் நானே. அந்த மூன்று நாட்களுக்காகத் தாங்கள் என்மேல் வழக்குப் போடாததற்கு நன்றி. இப்போது இருப்பவர் மூன்று மாதம் நிலைப்பாரா என்று தாங்கள் பொறுத்துப் பார்க்க விரும்புவது நியாயமே. ஆனால் வேலூர்ப் பணம் வந்த செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. பக்கத்து வார்ப்படக் கம்பெனியார் ஒரு டைப்பிஸ்ட் கேட்டு வந்தார்கள். அவர்கள் பெயர் சொல்லிக் கேட்டது இவரைத்தான். பீஸ் கொடுத்த கம்பெனியிலிருந்து ஆளைக் கலைப்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. பீஸ் கொடுக்காத கம்பெனியைப் பற்றி வழக்கம் எதுவும் இன்னும் ஏற்படவில்லை. இன்று மாலைக்குள் தங்கள் ஆலோசனையைத் தெரிவித்தால், எந்த வழக்கத்தை ஏற்படுத்தலாம் என்று முடிவு செய்ய உதவியாக இருக்கும்."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"பாய், இத்த யாரு எளுதனது?"

"சாமுவேல் தம்பி கையெழுத்து போட்டிருக்கு மொதலாளி."

"கையெளுத்து கெடக்கட்டும். அவன் எளுதுற லட்சணம் எனக்குத் தெரியாது? யாரு எளுதனது?"

பாய் எழுந்து நின்றார். ஷெர்வானிப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். "நான்தான் மொதலாளி."

"நம்ம மெஷின்லயா?"

"நம்ம மெஷின்தான். பேப்பர் தம்பியோடது."

"என் வூட்லயே குந்திகினு எனக்கே நோட்டீசா!"

என் ஒரு கால் வாசலுக்கு வெளியே போய்விட்டது. எனக்குப் போனால் பீரோ. அந்த மனிதருக்குப் போனால் ஒரு வருஷம் காத்துக் கிடந்து கிடைத்த நாற்காலி. என் நூற்றெண்பது ரூபாய்க்காக அவரை இழுத்துவிட்டேனே என்று, வெளியே போன காலை உள்ளே வைத்தேன். "மொதலாளி, தப்பு என்னோடது, பாயை ஒண்ணும்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இர்யா!" ஏகாம்பரம் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், மேலிருந்து கீழ் வரைக்கும் ஒருமுறை பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. "எந்த வளக்கத்தை ஏற்படுத்தலாம்னு என்னையே கேக்குறான் பாரு! பாய், என் துட்டையே என்கிட்டேர்ந்து புடுங்குற அளவுக்கு எளுதுறியே, பாக்கி வெச்சிகீற திருச்சிக்காரன், மதுரைக்காரன்லாம் உனக்கு எம்மாத்திரம்? குந்து, குந்து."

மேஜை டிராயரைத் திறந்து நோட்டுகளை எடுத்து என் பக்கம் நீட்டினார். "எண்ணிக்கோ. பாயை எவனாச்சும் இட்டுகினு போனான்னு தெரிஞ்சிது, உன் பீரோவை நானே வந்து பூட்டு போடுவேன். இன்னொண்ணு சாமுவேலு."

"சொல்லுங்க மொதலாளி."

"இந்தத் துட்டு பாய்க்கு மட்டும்தான். அந்த நாலாவது ஆளுக்கு நயா பைசா கெடையாது."

அன்று சாயங்காலம் சைக்கிள் கடைக்காரரிடம் வாடகையை எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதியை வயலட்டிடம் கொடுத்தேன். அவள் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். வாயே திறக்கவில்லை. சிரித்தது மட்டும் சமையலறையிலிருந்து கேட்டது.

8. உட்கார்ந்து பார்த்த கதை

வார்ப்படக் கம்பெனிக்காரர் டைப்பிஸ்ட் வேண்டும் என்று கேட்டார் அல்லவா? "சரி, ஒரு நாள் உங்கள் ஆபீசில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன். விசித்திரமாகப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். உட்கார்ந்து பார்த்ததில், அவருக்கு வேண்டியது பாய் மாதிரி ஆளே இல்லை. வருகிற லாரிக்காரர்களிடம் ரசீது வாங்காமல் விடாத ஒரு பிடிவாதக்காரர் என்று தெரிந்தது. அனுப்பினேன். நிலைத்தார். பீஸ் வந்தது.

அதிலிருந்து எழுபதுகள் முழுக்க அதுவே எங்கள் வழக்கம் ஆயிற்று. இரும்புலியூரில் லாரி புக்கிங் ஆபீஸ், ஐஸ் பேக்டரி கல்லாப்பெட்டி, அச்சாபீஸ் என்று நான் உட்காராத நாற்காலி இல்லை. மாடியில் இன்னொரு அறையும் எடுத்தோம், இரண்டு பேரை வேலைக்கு வைத்தோம். ரயிலில் தொங்கி பீஸ் வசூலிக்கும் கலை எனக்கு மெல்ல மறந்துபோயிற்று. ஆள் நிலைத்துவிட்டால் பணத்தை யாரும் ஒளித்துவைப்பதில்லை.

சேலையூரில் ஒரு பல் டாக்டர், இங்கிலீஷ் பேசுகிற பெண் ஒருத்தி ரிசப்ஷனுக்கு வேண்டும் என்று கேட்டார். போய் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து மெஷின் சத்தம் கேட்டதும், வெளியே காத்திருக்கிறவர்கள் "இதோ வெத்திலை வாங்கிட்டு வர்றேன்" என்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒருவரும் வெற்றிலை வாங்கித் திரும்பவில்லை. தனியார் பஸ்ஸில் வேலையை விட்டுவிட்ட ஒரு கண்டக்டரை அனுப்பினேன். டாக்டர் என்னை முறைத்தார். ஆனால் அந்தக் கண்டக்டர் தன் சர்வீசில் ஒருவரையும் ஸ்டாப்பிங் வருவதற்கு முன் இறங்க விட்டதில்லை. மாதம் முடிந்ததும் டாக்டரே படியேறி வந்து பீஸைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது சிறுசேரிப் பக்கம் கண்ணாடிக் கட்டட ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துத் தருகிற பிள்ளைகள் சிலர் என்னைப் பார்க்க வருகிறார்கள். கம்ப்யூட்டரைத் திறந்து, கம்பெனிக்காரர்கள் என்னென்ன தகுதி கேட்டிருக்கிறார்கள் என்று காட்டுகிறார்கள். எனக்கு அதில் பாதி புரியாது. கேட்டவர்களுக்கும் பாதி புரிந்திருக்காது என்று அனுபவத்தில் சொல்கிறேன். ஆளைத் தேடும் முன் நாற்காலியைப் போய்ப் பாருங்கள். ஒரு நாளாவது அதில் உட்காருங்கள். சங்கடப்படாதீர்கள், துரத்த மாட்டார்கள். பெரும்பாலும் காபிகூடக் கொடுப்பார்கள்.